சோலை ஓடையில் நீர்ச் சிலந்திப்பேன்

கொடைக்கானல் சோலை ஓடைகளில் நீர்ச் சிலந்திப்பேன் (water mite; நீரில் வாழும் மிகச்சிறிய எட்டுக்கால் உயிரி) தேட, சரளைமேல் நீர் சலசலக்கும் இடமே நல்லது. வனத்துறை அனுமதி முதலில் கையில் இருக்கட்டும். கண்ணளவு 250 மைக்ரான் உள்ள வலையின் வாய் நீரோட்டத்தைப் பார்த்து இருக்க, அதற்கு மேற்புறம் சரளையைக் காலால் கிளறுங்கள். சேர்ந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டி, தெளிந்த நீர் ஊற்றிக் காத்திருங்கள். அவசரப்பட்டால் சிவப்பாக நீந்துபவை மட்டுமே கண்ணில் படும். ஓடு போர்த்தி மெல்ல ஊரும் டோரண்டிகோலா (Torrenticola) என்ற பேரினம் தப்பிவிடும்.

பிடித்தவற்றை ஆல்கஹாலில் போட்டால் உடல் விறைத்து, பிரிக்கும்போது கால் ஒடியும். உருவ ஆய்வுக்குக் கோனிகே திரவம்தான்: கிளிசரின் 5 பங்கு, தண்ணீர் 4, கிளேசியல் அசிட்டிக் அமிலம் 1. டிஎன்ஏ எடுப்பதற்கு மட்டும் தூய எத்தனால்.

பேரினம் சொல்ல முதுகுப்பக்கப் படம் போதவே போதாது. வாய்ப்பக்க உணர்கை (palp), வயிற்றுப்பக்கத் தகடுகள், பிறப்புறுப்பை ஒட்டிய கிண்ணம் போன்ற நுண்ணுறுப்புகள் (acetabula) தெளிவாகத் தெரிய வேண்டும். இடம், உயரம், தேதி, நீரின் வெப்பநிலையைப் பென்சிலில் எழுதி, சீட்டைக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும்.