வெட்டுப்பட்டே ஜெயிப்பவன்: ஒரு வாசிப்பு நாட்குறிப்பு

ஜூன் 4

‘பிளேட் ஆஃப் தி இம்மார்ட்டல்’ முதல் தொகுதி இன்று முடிந்தது. இது ஒரு மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை. ஜப்பானில் இதன் பெயர் ‘முகென் நோ ஜூனின்’. எழுதி வரைந்தவர் ஹிரோஆகி சாமுரா. ‘ஆஃப்டர்நூன்’ மாத இதழில் 1993-ல் தொடங்கி 2012-ல் முடித்தார்; மொத்தம் 30 தொகுதிகள். தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்து மூன்று, முடித்தபோது நாற்பத்திரண்டு. சாகாதவனைப் பற்றி எழுதுகிறவருக்கு வயதாகிக்கொண்டே போயிருக்கிறது.

கதை நடப்பது 1780-களில். மஞ்ஜி ஒரு ரோனின், அதாவது எஜமானன் இல்லாத சாமுராய். கெட்ட எஜமானனுக்காகக் கொன்று, உண்மை தெரிந்ததும் அவனையே கொன்று, பிடிக்க வந்தவர்களையும் கொன்று, நூறு பேரை முடித்தவன். அந்த நூறில் ஒருவன் அவனுடைய சொந்தத் தங்கையின் புருஷன். அதைப் பார்த்துத் தங்கைக்குப் புத்தி பேதலித்துவிடுகிறது. அப்புறம் அவளையும் கொன்றுவிடுகிறார்கள். 800 வயது பிக்குணி ஒருத்தி இவன் உடம்புக்குள் புழுக்களை விட்டிருக்கிறாள். அதனால் இவனுக்குச் சாவு இல்லை. ஆயிரம் கெட்டவர்களைக் கொன்றால் தன்னைச் சாகவிட வேண்டும் என்று அவளிடம் பேரம் பேசுகிறான்.

கொலைக்குப் பரிகாரம் பத்து மடங்கு கொலை. என்ன கணக்கோ இது! ஆனால் அந்தக் காலத்துச் சாமுராய்க்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதானே.

ஜூன் 6

அந்தப் புழுக்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கெஸ்ஸென்சூ என்று பெயர், திபெத்து லாமாக்களின் கைவேலை என்கிறது கதை. ஒரு சண்டையில் கை துண்டாகி விழுகிறது. நம்ம ஊர் மாயாஜாலப் படமாக இருந்தால் புதுக் கை முளைத்திருக்கும். இங்கே அப்படியெல்லாம் இல்லை. விழுந்த கையைத் தேடி எடுத்து, வெட்டுவாயில் வைத்து, பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நூல் நூலாகப் புழுக்கள் கிளம்பி வந்து இரண்டு பக்கத்தையும் தைக்கும். வலி அத்தனையும் உண்டு. சாமுரா இதைப் பென்சிலும் மையுமாகச் சேர்த்து வரைந்திருக்கிறார். தசைநார் ஒன்றை ஒன்று தேடுகிற மாதிரி கோடுகள். சாப்பிட்டுக்கொண்டே பார்க்காதீர்கள்.

எனக்குப் பிடித்தது வேறு விஷயம். மஞ்ஜி பெரிய வித்தைக்காரன் இல்லை. நல்ல வாள்வீரன், அவ்வளவுதான். எதிராளிகளில் பாதிப் பேர் அவனைவிடக் கெட்டிக்காரர்கள். வயிற்றில் ஒரு குத்தை வாங்கிக்கொண்டு, அந்த வாள் வெளியே வருவதற்குள் எதிராளியை வெட்டுவான். எல்லாச் சண்டையும் கிட்டத்தட்ட இந்த ரகம்தான். ஆற அமர யோசித்தால், சாகாவரம் ஒரு வாள்வீரனுக்குக் கேடு. தற்காப்பு எதற்கு? ஒதுங்குவது எதற்கு? உயிர் போகும் என்ற பயம்தான் காலை நகர்த்தவும் கையைத் தூக்கவும் கற்றுக்கொடுக்கிறது. அதை எடுத்துவிட்டால் வித்தை துருப்பிடிக்கும்.

ஜூன் 9

இன்று ஷிஸுமா எய்க்கு. இவனும் புழுக்காரன்தான், ஆனால் வயது 200-க்கு மேல். 1780-களிலிருந்து பின்னால் எண்ணிப் பாருங்கள். உள்நாட்டுப் போர்கள் ஓயாத காலத்தில் பிறந்தவன். 1600-ல் செக்கிகஹாரா, 1615-ல் ஓசாகா கோட்டை, 1637-38-ல் ஷிமபாரா கலகம். அதோடு பெரிய சண்டைகள் முடிந்துவிட்டன. வாளுக்கு வேலை இருந்த உலகத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, வேலை இல்லாத உலகத்தில் ஒன்றரை நூற்றாண்டு சுற்றியிருக்கிறான். நாடோடி வாள்வீரர்கள் அத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள் என்றால் இங்கிருந்துதான். பிரபுக்கள் தோற்றார்கள், நிலம் பறிபோனது, அவர்களை நம்பியிருந்த வீரர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

எய்க்கு சலித்துப்போனவன். அவன் மஞ்ஜிமீது பயன்படுத்தும் மருந்து புழுக்களைக் கெடுக்கிறது. பழைய காயங்கள் ஒவ்வொன்றாக வாய் பிளக்கின்றன. இத்தனை நாளாக வாங்கிப் போட்டுக்கொண்ட வெட்டெல்லாம் உடம்பில் கடனாகவே இருந்திருக்கிறது. இந்தத் தொடரிலேயே நன்றாக யோசிக்கப்பட்ட சண்டை இதுதான் என்பேன். இரண்டு சாகாதவர்கள் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்ற கேள்விக்கு வாள் பதில் சொல்லவில்லை.

ஜூன் 11

வேலை முடிந்து வந்து புத்தகத்தைத் தொடவில்லை. அந்த 800 வயது பிக்குணியின் பின்னாலேயே போய்விட்டேன்.

அவளை சாமுரா கண்டுபிடிக்கவில்லை. யாஓபிக்குனி என்பது ஜப்பானின் பழைய கதை. வலையில் சிக்கிய கடல்கன்னியின் மாமிசத்தைத் தெரியாமல் தின்ற பெண்ணுக்கு வயது ஏறவே இல்லை. புருஷன்மார் ஒவ்வொருவராகப் போய்ச் சேர, தலையை மழித்துக்கொண்டு நாடெல்லாம் சுற்றினாள், போன இடமெல்லாம் கமேலியா பூச்செடி நட்டாள். கடைசியில் வகாசா பகுதியில், இன்றைய ஃபுக்குயி மாகாணத்து ஒபாமா ஊரில், ஒரு குகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். கூயின்-ஜி கோவிலில் அந்தக் குகையை இன்றும் காட்டுகிறார்கள்.

இதைவிட ருசியானது 1449-ல் நடந்தது. வகாசாவிலிருந்து அப்படி ஒரு பிக்குணி கியோட்டோ தலைநகருக்கே வந்து இறங்கியிருக்கிறாள்! அரசவை எழுத்தர் நகஹாரா யாசுதோமி தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்; வயது 200-க்கு மேல் என்கிறார். அதே வருடம் ஒரு ஜென் துறவியின் குறிப்பில் வயது 800. கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தாளாம். பார்க்க வேண்டுமானால் வசதியானவர் 100 காசு, எளியவர் 10 காசு. கூட்டம் முண்டியடித்திருக்கிறது. யார் பெற்ற பிள்ளையோ, தைரியமான பொம்பளை.

ஜூன் 15

சிறைப் பகுதி. பல தொகுதிகள் நீள்கிறது, நடுவில் சோர்வு தட்டுகிறது. மஞ்ஜியைப் பிடித்து எடோ (இன்றைய டோக்கியோ) கோட்டைக்கு அடியில் அடைத்து, அவன் சாகாத ரகசியத்தை மற்ற உடம்புகளுக்கு மாற்ற முடியுமா என்று ஒரு வைத்தியர் பரிசோதிக்கிறார். மரண தண்டனைக் கைதிகளின் கை கால்களை வெட்டி இவனுடையதை ஒட்டுவது, இவனுக்கு அவர்களுடையதை. பக்கம் பக்கமாக இதேதான்.

ஆனால் காலம் பொருந்துகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1771-ல் எடோவின் கோஸுகப்பாரா கொலைக்களத்தில், டச்சு உடற்கூற்றுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சுகிதா கென்பாக்கு என்ற வைத்தியரும் நண்பர்களும் ஒரு பெண்ணின் பிணத்தை அறுப்பதைப் பார்த்தார்கள். அறுத்துக் காட்டியவர் 90 வயதுக் கிழவர். தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிக்காரர். பேரனுக்கு உடம்பு சரியில்லாததால் அவர் வந்தார். இதுதான் ஈரல், இதுதான் இதயம் என்று பெயர் சொல்லிக் காட்டினார். பெயர் தெரியாத சில பாகங்களையும் தொட்டு, எல்லா உடம்பிலும் இது இங்கேதான் இருக்கும் என்றார். புத்தகத்தில் இருந்த படமும் உள்ளே இருந்ததும் அப்படியே ஒத்துப்போயின. அந்தப் புத்தகத்தின் ஜப்பானிய மொழிபெயர்ப்பு 1774-ல் வந்தது. அடுத்த பத்து, பதினைந்து வருடத்தில் நடக்கிற கதையில் உடம்பைத் திறந்து பார்க்கும் வெறி பிடித்த வைத்தியர் வந்தால் ஆச்சரியம் இல்லை.

யமதா அசாஎமோன் என்று ஒருவரும் வருகிறார். அது நிஜக் குடும்பம், தலைமுறை தலைமுறையாக வந்த பட்டப்பெயர். தண்டனை பெற்றவர்களின் பிணத்தில் புது வாளை வெட்டிப் பார்த்துத் தரம் சொல்வது அவர்கள் தொழில். அந்தப் பிணங்களின் ஈரலிலும் பித்தப்பையிலும் சயரோக மருந்து செய்து விற்றதும் அவர்கள்தான்.

ஜூன் 16

சிறை இன்னும் முடியவில்லை. நாளை பார்க்கலாம்.

ஜூன் 20

முடிந்தது, நல்லவேளை. மறுபடியும் மாக்கியே வந்துவிட்டாள்.

இந்தத் தொடரின் ஆகச் சிறந்த வாள்வீரர் மாக்கியேதான், மஞ்ஜியோ அவன் தேடிப்போகும் அனோட்சுவோ இல்லை. ஷாமிசென் வாத்தியத்துக்குள் ஆயுதத்தை ஒளித்துக்கொண்டு திரிபவள். முதல் மோதலில் மஞ்ஜியைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுகிறாள். புழு மட்டும் இல்லையென்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவளுக்கோ கொல்வதில் விருப்பம் இல்லை. பின்னால் சயரோகம் வேறு. வித்தை எல்லாம் நாள் எண்ணிக்கொண்டிருப்பவளிடமும், நாள் எல்லாம் அரைகுறை வித்தைக்காரனிடமும். சாமுரா இதை எங்கேயும் எடுத்துச் சொல்லவில்லை, அதனால்தான் உறைக்கிறது.

ரின்னைப் பற்றி எழுதவே இல்லை, பாவம். அப்பா அம்மாவை அனோட்சுவின் கூட்டத்துக்குப் பறிகொடுத்து, பழிவாங்க மஞ்ஜியைத் துணைக்கு அழைத்த சிறுமி. ஆரம்பத்தில் அழுதுகொண்டே இருந்தாள். இப்போது பதிலுக்குப் பதில் கேள்வி கேட்கிறாள்.

ஜூன் 22

இந்தத் தொடருக்கு முன்னோடி என்று ஒரு கிழவரைச் சொல்லத் தோன்றுகிறது: ஹிதாச்சிபோ கைசோன். யோஷிட்சுனே என்ற புகழ்பெற்ற தளபதியின் கூட இருந்தவர். 1189-ல் கொரோமோகாவாவில் எதிரிகள் சூழ்ந்துகொள்ள, யோஷிட்சுனே தற்கொலை செய்துகொண்டார், கூட இருந்தவர்கள் சண்டையிட்டுச் செத்தார்கள். அன்று காலை பக்கத்துக் கோவிலுக்குப் போகிறேன் என்று கிளம்பிய கைசோன் திரும்பி வரவே இல்லை. வடகிழக்கு ஜப்பானின் கதைகளில் அவர் சாகவும் இல்லை. நூற்றாண்டுகள் கழித்தும் ஊர் ஊராகச் சுற்றி, அந்தப் போரைக் கண்ணால் பார்த்தவராகக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். சாகாததற்குக் காரணம் சில ஊர்களில் அதே கடல்கன்னி மாமிசம். 1964-ல் அகிமோட்டோ மட்சுயோ என்ற நாடகாசிரியர் இவரை வைத்தே ஒரு நாடகம் எழுதினார். அதில் அவர் எஜமானனை விட்டு ஓடிய குற்றத்துக்காக அலைபவர்.

நமக்கு இதைப் படித்தவுடன் அசுவத்தாமன் ஞாபகம் வராமல் இருக்குமா? தூங்குகிற பிள்ளைகளைக் கொன்றதற்காக ஆறாத புண்ணோடு மூவாயிரம் வருடம் திரி என்று கிருஷ்ணன் சபித்தான். அவனுக்குப் புண் ஆறாது, மஞ்ஜிக்கு எந்தப் புண்ணும் நிற்காது. இரண்டும் தண்டனைதான். மஞ்ஜியினுடையதுதான் கொடுமை என்று எனக்குப் படுகிறது. பட்ட அடிக்கு அடையாளம் இருந்தால் செய்தது நினைவில் இருக்கும்; இவன் தங்கையின் முகத்தைத் தானாகவே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஜூன் 27

படத்தைப் பார்த்தேன். தகாஷி மீக்கே இயக்கி 2017-ல் வந்தது, அவருடைய நூறாவது படம் என்று விளம்பரம் செய்தார்கள். மஞ்ஜியாக தக்குயா கிமூரா, எய்க்குவாக கபுகி நடிகர் எபிஸோ இச்சிகாவா. கறுப்பு வெள்ளையில் வரும் தொடக்கம் பிரமாதம். அப்புறம் கடைசியில் நூற்றுக்கணக்கானவர்களை ஒரே இடத்தில் வெட்டித் தள்ளுகிறார். புத்தகத்தில் பல சாவுகள் முழுப்பக்கச் சித்திரங்கள், நிதானித்து முகத்தைப் பார்ப்போம். படத்தில் தலைகளை எண்ணக்கூட நேரம் இல்லை. 2019 அனிமே தொடர் 24 அத்தியாயங்களில் 30 தொகுதியையும் அடைத்திருக்கிறது. மூச்சு முட்டுகிறது, ஆனால் மாக்கியேவுக்கு நியாயம் செய்திருக்கிறார்கள்.

ஜூலை 1

கடைசித் தொகுதி. கடைசி அத்தியாயம் மெய்ஜி காலத்துக்கு (1868-1912) தாவுகிறது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஓடிவிட்டது, மஞ்ஜி அப்படியே இருக்கிறான், ரின் இல்லை. அவள் வழியில் வந்த சின்னப் பெண்ணைப் பிக்குணி கூட்டி வருகிறாள்.

1876-ல் பொது இடத்தில் வாள் தரிப்பதற்கே தடை வந்துவிட்டது. ராணுவத்தினர், காவலர் போன்றோருக்கு மட்டும் விலக்கு. அடுத்த வருடமே பழைய சாமுராய்கள் கிளப்பிய சட்சுமா கலகத்தை அடக்க அரசாங்கம் போலீஸ்காரர்களில் வாள் தெரிந்தவர்களைப் பொறுக்கி ‘பத்தோதாய்’ என்று ஒரு படை சேர்த்தது. அதாவது, துப்பாக்கி வைத்திருந்த அரசுக்கும் ஒரு தடவை அந்தப் பழைய ஆட்கள் தேவைப்பட்டார்கள். இதையெல்லாம் மஞ்ஜி எப்படித் தாண்டி வந்தான்? ஆளுக்குச் சாவு இல்லை, ஆனால் தொழில் செத்துவிட்டது. அந்த வருடங்களைப் பற்றித் தனியாக ஒரு தொகுதி எழுதியிருந்தால் சிறையில் கழித்த பக்கங்களை மன்னித்திருப்பேன். சாமுரா சில பக்கங்களில் முடித்துவிட்டார்.

படித்துவிட்ட நண்பன் ஒருவன் இரவு அழைத்து, ஆயிரம் பேர் கணக்கு என்னப்பா ஆச்சு என்றான். கதை பாதி தாண்டியபோதே அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. கெட்டவன் என்று யாரைச் சொல்வது என்ற குழப்பத்தில் கணக்கு அடிபட்டுப்போனது என்றேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை, எழுத்தாளர் மறந்துவிட்டார் என்கிறான். இருக்கலாம், இருபது வருடம் ஆயிற்றே.

அடுத்து ரூமிகோ தகஹாஷியின் கடல்கன்னிக் கதைகளை எடுத்து வைத்திருக்கிறேன். அதிலும் மாமிசம் தின்றவன் ஒருவன் 500 வருடமாக அலைகிறான். இவன் வாள்வீரன் இல்லை, மீனவன்.