வெளியூரிலிருந்து மெயில் அனுப்ப ஒரு வழி

மார்ச் 3, திங்கள்
வெளியூர் போன விற்பனைப் பிரிவு ஆட்களுக்கு மெயில் வருகிறது, போக மாட்டேன் என்கிறது. 'ரிலே ஆக்சஸ் டினைட்' (கடத்திவிட அனுமதி இல்லை) என்று நம் மெயில் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் திருப்பி அனுப்பிவிடுகிறது. அது தன் வேலையைத்தான் செய்கிறது. கேள்வி கேட்காமல் வெளியே அனுப்ப விடும் மைநெட்வொர்க்ஸ் பட்டியலில் அலுவலக ஐபி (இணைய முகவரி) மட்டும்தான் இருக்கிறது. "அண்ணா, என் மொபைல் ஐபியையும் அதுல சேர்த்துடுங்களேன்" என்று ஒரு தம்பி போனில் கெஞ்சினான். மொபைல் ஐபி மாறிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, ஒரே ஐபிக்குப் பின்னால் முன்பின் தெரியாதவர்கள் எத்தனையோ பேர். அத்தனை பேருக்கும் கதவைத் திறந்தால் ஸ்பேம் தடைப்பட்டியலில் நம் சர்வர் பெயர் ஏறிவிடும். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்
ஐபியை விட்டுவிட்டு ஆளைப் பார்க்க வேண்டும். மெயிலைப் படிக்க உதவும் ஐமேப்புக்காக டவ்காட் என்ற மென்பொருள் ஏற்கெனவே பாஸ்வேர்டு பார்க்கிறது, போஸ்ட்ஃபிக்ஸும் அதனிடமே கேட்டுக்கொள்ளட்டும். இரண்டும் பேசிக்கொள்ளும் சாக்கெட்டை (இணைப்புப் புள்ளி) போஸ்ட்ஃபிக்ஸின் ஸ்பூல் (வேலை) டைரக்டரிக்குள் வைத்தாயிற்று.

அப்புறம் போர்ட், அதாவது சர்வரின் எண்ணிட்ட வாசல். 25 சர்வரும் சர்வரும் பேச. அங்கே லாகின் வசதியே தரப்போவதில்லை. ஆட்கள் அனுப்புவதற்கென்று 587-ஐ 1998-லேயே பிரித்துவிட்டார்கள். ஆனால் 587-இல் பேச்சு வெறுமனே தொடங்கி, ஸ்டார்ட்டிஎல்எஸ் என்ற கட்டளை சொன்ன பிறகுதான் டிஎல்எஸ் என்ற மறையாக்கம். நடுவில் இருப்பவன் சர்வர் அதை அறிவிக்கும் ஒரு வரியை உருவிவிட்டால், ஏமாந்த மெயில் ஆப் பாஸ்வேர்டை அப்படியே அனுப்பிவிடும். பாஸ்வேர்டு போகும் பேஸ்64 எழுத்து வடிவம் எல்லாம் பூட்டு ஆகாது, யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம். 465-இல் முதல் பைட்டிலிருந்தே டிஎல்எஸ். 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8314 என்ற இணையத் தர ஆவணமும் அதைத்தான் பரிந்துரைக்கிறது. எனக்கும் 465தான் பிடிக்கும். பழைய போன்களுக்காக 587-ம் இருக்கட்டும், டிஎல்எஸ் கட்டாயம் என்ற நிபந்தனையோடு.

மார்ச் 5, புதன்
வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் லேப்டாப்பை இணைத்துச் சோதனை. 587-இல் எஹ்லோ (என்னென்ன வசதி உண்டு என்று சர்வரைக் கேட்கும் வணக்கம்) சொன்னேன்: ஸ்டார்ட்டிஎல்எஸ் வரி வந்தது, லாகினுக்கான ஆத் வரி வரவில்லை. டிஎல்எஸ் ஏறியதும் மறுபடி எஹ்லோ. இப்போது '250-ஆத் பிளெய்ன்' வந்தது. இதைத்தான் பார்க்க நினைத்தேன்.

லாகின் செய்தவர் எம்.டி. பெயரில் அனுப்பினால்? அதையும் பார்த்தேன். 553 என்ற மறுப்பு, 'நாட் ஓன்ட் பை யூசர்' (இந்த முகவரி இவருடையதல்ல). நல்லது.

மார்ச் 10, திங்கள்
தம்பி ரயிலிலிருந்தே கொட்டேஷன் அனுப்பிவிட்டான். லாகில் அதற்குள் யார் யாரோ பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கிறார்கள், தப்பாகப் போட்டுக்கொண்டே இருக்கும் ஐபிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் பார்த்துக்கொள்ளும். டிஎல்எஸ்ஸுக்கான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாளுக்குத்தான். புதுப்பித்ததும் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் இரண்டையும் ரீலோட் செய்ய ஹூக் (தானாக ஓடும் சிறு ஸ்கிரிப்ட்) எழுதியாயிற்று. ஸ்கேன் செய்ததை மெயிலில் அனுப்பும் அக்கவுண்ட்ஸ் ஸ்கேனருக்கு லாகினும் தெரியாது, டிஎல்எஸ்ஸும் தெரியாது. இப்போது மைநெட்வொர்க்ஸில் அலுவலகம் முழுவதும் இல்லை, அந்த ஸ்கேனரின் ஐபி ஒன்றுதான்.