மதகுப் பலகையின் உயரம்: ஒரு பழைய தண்ணீர் ஆலையின் சொந்தக்காரர்களைத் தேடி

மார்ச் 4

இங்கிலாந்துக் கிராமமொன்றின் ஓடைக்கரையில் நிற்கும் மாவு ஆலை இது. யார் யார் கை மாறி வந்தது என்று தேடத் தொடங்கியிருக்கிறேன். முதலில் எடுத்தது தசமபாக வரைபடம். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குக் கொடுத்து வந்த வழக்கத்தை 1836-ல் வந்த சட்டம் பணமாக மாற்றியது. அதற்காக ஊர் ஊராக நிலத்தை அளந்தார்கள். வரைபடத்தோடு வரும் பட்டியலில் உரிமையாளருக்கு ஒரு பத்தி, அனுபவிப்பவருக்கு ஒரு பத்தி. நம் ஆலைக்கு உரிமையாளர் ஒரு பெண். அனுபவிப்பவர் வேறொரு ஆண். இந்த இரண்டையும் குழப்பவே கூடாது. ஊர் நினைவில் இருப்பது மாவு அரைத்தவர், பத்திரத்தில் இருப்பது அவரிடம் குத்தகைப் பணம் பெற்ற உரிமையாளர்.

மார்ச் 9

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகள். 1841-ல் பதினைந்து வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 40 என்று இருந்தால் 44 ஆகவும் இருக்கலாம். 1851-ல் பிறந்த ஊரும் சேர்ந்துவிடுகிறது. அதே ஆலைக்காரர், அதே வீடு. 1861-ல் வேறு குடும்பம். இடையில் என்ன ஆனது என்று லண்டன் கெஜட் என்ற அரசிதழில் தேடினால் திவால் அறிவிப்பு. பெரிய எழுத்தில் பெயர், கீழே தொழில். மனசு கனத்துப் போனது.

மார்ச் 15

இன்று ஆலைக்குள். ஒரு ஜோடி அரவைக்கல் ஒரே பாறையில் வெட்டியது. இன்னொரு ஜோடி பாரிஸுக்குக் கிழக்கே லா ஃபெர்தே-சூ-ழுவார் பக்கத்துக் கல். பல துண்டுகளைச் சாந்து வைத்துப் பொருத்தி, சுற்றிலும் இரும்புப் பட்டை போட்டிருக்கிறார்கள். வெள்ளைக் கோதுமை மாவுக்கு இந்தக் கல்லைத்தான் விரும்பினார்கள். கால்நடைத் தீவனத்துக்கு மற்றது போதும். ஆக, விற்பனைக்கு மாவு அரைத்த காலம் ஒன்று இங்கே இருந்திருக்கிறது.

கல்லில் கொத்திய வரிப்பள்ளங்கள் விரலுக்கு இன்னும் தட்டுப்படுகின்றன. மேலே இரும்புச் சக்கரத்தில் மரப்பற்கள். சின்னச் சக்கரத்துக்கு 20 பல் என்றால் பெரியதற்கு 60 வைக்காமல் 61 வைப்பார்கள். அப்போதுதான் அதே இரண்டு பற்கள் திரும்பத் திரும்ப மோதாமல், எல்லாப் பற்களும் முறை வைத்துச் சந்தித்து ஒரே சீராகத் தேயும். எவ்வளவு அழகான யோசனை!

மார்ச் 22

பெரிய திருப்பம் இன்றுதான். வீட்டுப் பத்திரங்களை விட்டுவிட்டுத் தண்ணீரைத் தேடினேன். மேல்பக்கத்து நிலக்காரர் வாய்க்காலை மறிக்கிறார் என்று பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்த தகராறு, அதற்கொரு ஒப்பந்தம். மதகுப் பலகை எந்த உயரம்வரை நிற்கலாம், எப்போது திறக்க வேண்டும் என்று வரி வரியாக எழுதியிருக்கிறது. உரிமையை நிரூபிக்க வேண்டுமே, அதனால் 'இன்னாரிடமிருந்து இன்னாருக்கு' என்று முந்தைய நான்கு சொந்தக்காரர்களையும் வரிசையாகச் சொல்லிவிட்டார்கள். கட்டடத்துக்கு இருந்த காகிதங்களில் இதில் பாதிகூட இல்லை. ஆலை என்பதே தண்ணீர் விழும் உயரம்தானே. சண்டை அதற்காகத்தான் நடக்கும், சண்டை நடந்த இடத்தில்தான் காகிதம் சேரும்.

ஏப்ரல் 2

அதற்கும் முன்னே போனால் பண்ணை நீதிமன்றச் சுருள்கள். பண்ணை என்றால் இங்கே நிலப்பிரபுவின் ஆளுகைக்குட்பட்ட நிலப்பகுதி. 1733 வரை லத்தீன். ஆனால் வாசகம் ஒரே அச்சு என்பதால் நாலைந்து பக்கத்தில் பழகிவிடுகிறது. பழைய குத்தகைதாரர் இறந்தார், வாரிசு வந்து கட்டணம் செலுத்திப் பெயர் பதிந்தார். அவ்வளவுதான். அரசர் முதலாம் வில்லியம் எடுக்கச் சொன்ன நிலக் கணக்கான 1086-ன் டூம்ஸ்டே ஏட்டில் சுமார் 6,000 ஆலைகள். சிலவற்றுக்கு வாடகையாக விலாங்கு மீன்கள்! இந்தப் பண்ணைக்கும் ஓர் ஆலை குறித்திருக்கிறது. அதே கட்டடம் என்று யாரும் சொல்ல வேண்டாம். நீர் விழும் இடம் அதுவாக இருக்கலாம், அதற்கு மேல் இழுக்கக் கூடாது.

ஏப்ரல் 11

1910-ல் நாடு முழுக்க நில மதிப்பீடு தொடங்கியது. அதன் களக்குறிப்பேடுகள் லண்டனில் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். உரிமையாளர், குடியிருப்பவர், கட்டடத்தின் நிலை எல்லாம் உண்டு. அதற்குள் கல்லுக்குப் பதில் எஃகு உருளைகளால் அரைக்கும் ஆலைகள் துறைமுகங்களில் வந்துவிட்டன. வட அமெரிக்கக் கோதுமை கப்பலில் இறங்கிய இடத்திலேயே மாவானது. ஓடைக்கரை ஆலைகள் தீவனம் அரைத்துக் காலம் தள்ளின.

நம் ஆலை 'ஓடவில்லை' என்று ஏடு சொல்கிறது. உரிமையாளர் பத்தியில் இருக்கும் குடும்பப் பெயரை எங்கோ பார்த்த மாதிரி இருக்க, மார்ச் 22 நகலை எடுத்து ஒப்பிட்டேன். அன்று மதகுப் பலகைக்காக வழக்காடிய மேல்பக்கத்துக் குடும்பம்தான் ஆலையை வாங்கியிருக்கிறது. அரைப்பதற்காக அல்ல, பலகையைத் தன் இஷ்டத்துக்கு உயர்த்திக்கொள்ளத்தான் என்பது என் கணிப்பு. விற்பனைப் பத்திரம் கிடைத்தால், தண்ணீர் உரிமை பற்றிய பத்தியைத்தான் முதலில் படிப்பேன்.