ரூட் கெனால் முடிந்தும் விடாத வலி

"நரம்பையே எடுத்தாச்சு, அப்புறம் எப்படி வலிக்கும்?" மேல் கடைவாய்ப்பல்லில் ரூட் கெனால் முடிந்தும் நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரிந்தபோது எல்லோரும் கேட்டது இதைத்தான். வலிக்கும். பல்லைத் தாடை எலும்போடு பிணைக்கும் தசைநாருக்குத் தனியாக உணர்வு உண்டு. சிகிச்சையில் அது புண்பட்டிருக்கும். ஒரு வாரம் வரை கடித்தால் வலிப்பது சகஜம், ஆனால் நாளுக்கு நாள் குறைய வேண்டும். எனக்குக் குறையவில்லை.

திரும்பப் போனபோது மருத்துவர் நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொன்னார். அந்தப் பல்லில் மட்டும் அழுத்தமாக நீலப் புள்ளி விழுந்தது. ஃபில்லிங் இம்மியளவு உயரம். அதைத் தேய்த்துவிட்டதும் பாதி வலி அன்றைக்கே போய்விட்டது. மிச்சம் வேறு மாதிரி வலி. சூடான காபி பட்டால் கிளம்பும். டம்ளரைக் கீழே வைத்த பிறகும் கன்ன எலும்பு வரை விண்விண்ணென்று நிற்கும். மாத்திரை எழுதிக் கொடுத்து, போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். மாதம் கடந்தும் ஆகவில்லை.

அதன்பிறகு வேர் சிகிச்சையில் எம்.டி.எஸ். முடித்த ஒரு நிபுணரிடம் போனேன். அவர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் நிறையக் கேட்டார். சூட்டுக்கா, குளிர்ச்சிக்கா? கடிக்கும்போதா, கடித்து விடும்போதா? குனிந்தால் கூடுகிறதா? விடும்போது சுரீரென்றால் பல்லில் விரிசல் இருக்கலாம், குனிந்தால் கூடினால் சைனஸாக இருக்கலாம் என்று விளக்கினார். கண்ணாடிக் கருவியின் பிடியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். பக்கத்துப் பற்களில் குளிர்ச்சி வைத்துப் பார்த்து அவற்றின்மேல் தப்பில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

பிறகு சிபிசிடி ஸ்கேன், அதாவது பல்லை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே. சாதாரண எக்ஸ்ரேயில் வேர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறைத்துவிடும். இதில் குறுக்குவெட்டாகப் பார்க்கலாம். மேல் முதல் கடைவாய்ப்பல்லுக்கு வேர் மூன்றுதான் என்றாலும் முன்பக்க வேரில் நரம்பு ஓடும் மெல்லிய குழாய் இரண்டாவதாக ஒன்று பலருக்கும் இருக்குமாம். எனக்கும் இருந்தது. அது சுத்தம் செய்யப்படாமலே கிடந்தது. திரையில் மற்ற மூன்றும் வெள்ளையாக அடைபட்டிருக்க, அது மட்டும் கருப்புக் கோடாகத் தெரிந்தது.

மறுசிகிச்சையில் பழைய அடைப்பை எடுத்து, மைக்ரோஸ்கோப் வைத்து அந்தக் குழாயைக் கண்டுபிடித்துக் கழுவி, உள்ளே கிருமியைக் கொல்லும் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை வைத்துத் தற்காலிகமாக மூடினார். முதல் தடவையைவிடச் செலவு கூடுதல்தான். பல்லைப் பிடுங்கி இம்ப்ளான்ட் வைப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

இதே நிலையில் இருப்பவர்கள் வெறும் "வலிக்குது" என்று சொல்லி நிறுத்தாமல், எது பட்டால் வலிக்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு போங்கள். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ வாய் திறக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.

சூட்டுக்கு வரும் வலி எனக்கு முற்றிலும் நின்ற பிறகுதான் நிரந்தரமாக அடைத்துக் கேப் போட்டார். வேர் நுனி எலும்பு ஆற மாதங்கள் பிடிக்கும் என்பதால் ஆறு மாதம் கழித்து எக்ஸ்ரே எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்.