தரைக்குள் ஒரு ஹீட்டர்

அறையைக் கதகதப்பாக்க, தரைக்கு அடியிலேயே வெந்நீர் ஓடும் குழாயையோ மின்சார ஹீட்டரையோ பதிக்கலாம். புது வீடு என்றால் கவலையே இல்லை, கான்கிரீட் மேல் வெப்பக்காப்புப் பலகை போட்டு, 16 மி.மீ. குழாயை வளைத்து வளைத்து ஓட்டி, மேலே 65-75 மி.மீ. சிமெண்ட் கலவையைப் பரப்பிவிடலாம். பழைய வீட்டில்தான் தலைவலி. அவ்வளவு உயரத்துக்கு எங்கே போவது? கதவுகளை அடியில் அறுக்க வேண்டும், படிக்கட்டின் முதல் படி குட்டையாகிவிடும் (இதை எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை!). அதனால் குளியலறைக்கு மட்டும், டைல்ஸுக்கு அடியில் விரிக்கிற, சில மில்லிமீட்டரே தடிமனான மின்சாரத்தில் சூடாகும் விரிப்பைப் போட்டேன். போடுவது சுலபம், கரண்ட் பில்தான் கடிக்கிறது. தண்ணீர்க் குழாய் முறைக்கு 35-45 டிகிரி வெந்நீரே போதும் என்பதால் ஹீட் பம்ப்புடன் (வெளியே உள்ள வெப்பத்தை இழுத்து வீட்டுக்குள் தரும் கருவி) நன்றாக ஒத்துப்போகும். எதைப் போட்டாலும் சரி, கீழே வெப்பக்காப்பு இல்லையென்றால் மண்ணைத்தான் சூடாக்கிக்கொண்டிருப்பீர்கள். அப்புறம், கலவை நன்றாகக் காய்வதற்குள் ஆசைப்பட்டு ஹீட்டரைப் போட்டுப் பார்க்காதீர்கள், தரை விரிசல் விடும்.