மகளுக்குக் கல்லூரி தேடிய கணக்கு

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸில் நம் ஆட்கள் கூடினால் பிள்ளைகளின் படிப்புப் பேச்சு ஒஹாயோ ஸ்டேட், பர்டூ, ஜார்ஜியா டெக் என்று பெரிய பல்கலைக்கழகங்களைச் சுற்றித்தான் ஓடும். என் மகளோ இரண்டாயிரம் பேர்கூட இல்லாத, கலை, அறிவியல் பாடங்களைப் பரவலாகப் படிக்கும் சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில்தான் சேருவேன் என்றாள். "வருஷத்துக்கு எழுபதாயிரம் டாலரைக் கொட்டி அங்க என்னக்கா படிக்கப் போறா?" என்று தம்பி கேட்டான்.

அந்த எழுபதாயிரம், கல்லூரி வெளியில் சொல்லும் விலை. அதை முழுசாகக் கட்டுகிறவர்கள் இந்தக் கல்லூரிகளில் குறைவு. நமக்கு எவ்வளவு ஆகும் என்பதை உத்தேசமாகச் சொல்ல, ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும்; 2011 முதல் அது சட்டப்படி கட்டாயம். வரி ரிட்டர்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள். பிள்ளையின் மதிப்பெண்ணையும் கேட்கும் கால்குலேட்டர் என்றால் விடை இன்னும் நம்பகமாக இருக்கும்.

ஆம்ஹெர்ஸ்ட், வில்லியம்ஸ் போன்ற பணக்காரக் கல்லூரிகள் குடும்பத்தின் பணத் தேவையைப் பார்த்துத் தாராளமாகக் கொடுக்கின்றன. ஆனால் மதிப்பெண்ணுக்கென்று ஒரு டாலர்கூடக் கிடையாது. இருவர் சம்பளம் வரும் எங்கள் வீட்டுக்கு அவர்கள் கணக்கில் பெரிதாக எதுவும் தேறவில்லை. வருமானம் குறைவான குடும்பம் என்றால் கென்டக்கியின் பெரியா கல்லூரியைக் கட்டாயம் பாருங்கள். 1892 முதல் அங்கே படிப்புக் கட்டணம் வாங்குவதே இல்லை. மாணவர்கள் எல்லோரும் வளாகத்தில் வேலை செய்கிறார்கள். எங்களைப் போன்ற நடுத்தரக் குடும்பத்துக்கு வழி, மதிப்பெண்ணைப் பார்த்து மெரிட் ஸ்காலர்ஷிப் தரும் கல்லூரிகள்தான். யார் தருகிறார்கள் என்று அறிய, கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று தேடி, கல்லூரி தன் புள்ளிவிவரங்களை வெளியிடும் அந்த அறிக்கையில் 'எச்' பகுதியைப் படியுங்கள். பண உதவி தேவைப்படாத மாணவர்களில் எத்தனை பேருக்குச் சராசரியாக எவ்வளவு கொடுத்தார்கள் என்று அங்கே இருக்கும்.

இடத்தோடு எவ்வளவு பண உதவி என்றும் சொல்லும் ஆஃபர் லெட்டர் வந்ததும் பென்சிலோடு உட்காருங்கள். எங்களுக்கு வந்த ஒன்றில் ஸ்காலர்ஷிப், அதன் கீழே ஒர்க் ஸ்டடி, அதன் கீழே 5,500 டாலர் அரசாங்க லோன், எல்லாவற்றையும் கூட்டி 'மொத்த உதவி' என்று போட்டிருந்தார்கள். லோன் நாம் திருப்பிக் கட்ட வேண்டிய பணம். ஒர்க் ஸ்டடி, பிள்ளை வேலை பார்த்த பிறகு வரும் சம்பளம். இரண்டையும் அடித்துவிட்டு மிச்சத்தை மொத்தச் செலவிலிருந்து கழித்தால்தான் நாம் கட்ட வேண்டிய உண்மையான தொகை. அதை நான்கால் பெருக்குங்கள். வருஷா வருஷம் கட்டணம் ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்காலர்ஷிப் நான்கு வருஷமும் தொடர எவ்வளவு ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கல்லூரியின் நிதிநிலையையும் பாருங்கள். 1856-இல் தொடங்கிய, அலபாமாவின் பர்மிங்ஹாம்-சதர்ன் கல்லூரி பணமில்லாமல் 2024-இல் மூடப்பட்டது.

மகள் ஒஹாயோவிலேயே உள்ள ஊஸ்டர் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தாள். ஸ்காலர்ஷிப் போக நாங்கள் கட்டுவது, ஒஹாயோ ஸ்டேட்டில் விடுதியோடு ஆகியிருக்கும் செலவைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அங்கே கடைசி வருஷம் ஒவ்வொரு மாணவரும் ஒரு பேராசிரியரோடு உட்கார்ந்து சொந்தமாக ஓர் ஆய்வு எழுத வேண்டும். முடித்துக் கொடுத்தால் கையில் ஒரு டூட்ஸி ரோல் மிட்டாய் தருவார்கள்! பேராசிரியருக்கு அவள் பெயர் தெரிந்திருக்கிறது. அதற்காக அந்தக் கொஞ்சத்தை நான் மனசாரக் கொடுக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஸ்காலர்ஷிப்பை ஒப்பிட்டுத் தீர்மானிக்க வேண்டிய குடும்பம் என்றால் 'எர்லி டிசிஷன்' என்னும் முன்கூட்டிய விண்ணப்பம் போடாதீர்கள். இடம் கிடைத்துவிட்டால் சேர்ந்தாக வேண்டும். மற்ற கல்லூரிகளின் கடிதம் அதற்குள் வந்திருக்காது.