வெள்ளோட்டம் என்று ஒரு பலகை

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் போனில் கேட்டாள்: "மாமா, அந்தப் பார்க்குல புதுசா ஒரு ரைடு வந்திருக்காம். அடுத்த வாரம் கூட்டிட்டுப் போறீங்களா?" எத்தனை நாளாக ஓடுகிறது என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. புதுசு என்றால் புதுசுதானே, நாளில் என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பாள். நாளில் நிறைய இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்ததும் எங்கள் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பூங்காவில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். பம்ப் ரூம்தான் என் இடம். இப்போது கோவை கணபதியில் ஒரு மோட்டார் பட்டறையில் இருக்கிறேன். ஆனாலும் எந்த ஊரில் புது ஸ்லைடு திறந்தாலும் மனசு அங்கே போய்விடும்.

நான் இருந்தபோது ஒரே ஒரு பெரிய ஸ்லைடு புதிதாகக் கட்டினார்கள். 14 மீட்டர் கோபுரம், நாலு பேர் உட்காரும் வட்ட டியூப், பாதி வழி மூடிய குழாய். இந்த மாதிரித் தண்ணீர்ச் சறுக்கில் இழுத்துப் போக மோட்டார் எதுவும் கிடையாது. நாங்கள் மேலே ஏற்றிவிடும் தண்ணீரும் ஆட்களின் எடையும்தான் டியூபைக் கொண்டு போகின்றன. தண்ணீர் குறைந்தால் வளைவில் நின்றுவிடும். கூடினால் சுவரில் ஏறும். அதனால் பம்ப் ரூம் ஆளுக்குப் பெரிய பொறுப்பு.

முதலில் வெறும் தண்ணீர் விட்டு ஒழுகல் பார்த்தோம். ஃபைபர் துண்டுகளை போல்ட் போட்டுச் சேர்த்திருப்பார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் கையை வைத்துத் தடவிக்கொண்டே நடந்தோம். சறுக்கும் திசையில் விளிம்பு தூக்கி நிற்கக் கூடாது, நகம் தட்டினாலே தேய்த்துச் சரி செய்ய வேண்டும். அப்புறம் எடை வைத்து விட்டோம். வேறு இடங்களில் மணல் மூட்டை வைப்பார்கள், தண்ணீர் நிரப்பிய பொம்மைகளும் உண்டு. எங்களுக்கு மணல் ஒத்துவராது, ஒரு மூட்டை கிழிந்தால் ஃபில்டர் போச்சு. 20 லிட்டர் தண்ணீர் கேன்களைக் கட்டினோம். ஓர் இருக்கைக்கு மூன்று கேன், 60 கிலோ. நாலு இருக்கையிலும் வைத்து, இரண்டில் மட்டும் வைத்து, ஒரு பக்கம் கனமாக வைத்து என்று நாள் முழுக்க விட்டோம்.

அதற்குப் பிறகு நாங்களே ஏறினோம். சமையல்காரர், செக்யூரிட்டி, தோட்ட வேலை அக்காக்கள் எல்லோரும்தான். சந்தோஷமாகத்தான் ஏறினோம். ஆனால் இதைச் சாதாரணமாக நினைக்க என்னால் முடியாது. 2016 மே மாதம் சென்னை அருகே ஒரு பூங்காவில் ராட்டினத்துக்குச் சோதனை ஓட்டம் பார்த்தபோது அது உடைந்து, ஏறியிருந்த ஊழியர்களில் ஒருவர் இறந்துபோனார். பலருக்குக் காயம். கேன்கள் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடிக்காமல் ஊழியரை ஏற்றக் கூடாது என்று அன்றிலிருந்து எங்கள் ஃபோர்மேன் பிடிவாதமாக இருந்தார். அவருக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் சாஃப்ட் ஓப்பனிங். விளம்பரம் இல்லை, ரிப்பன் இல்லை. கூட்டம் குறைந்த ஒரு நாளில் கயிற்றை அவிழ்த்து, வந்தவர்களை ஏற்றுவது. பெரிய பூங்காக்களில் இதைப் படிப்படியாகச் செய்வார்கள்: முதலில் ஊழியர்கள், பிறகு அவர்கள் குடும்பங்கள், பிறகு வருடாந்திர பாஸ் வைத்திருப்பவர்கள், கடைசியில் அன்றைக்கு வந்த யாரும். மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அல்ல இது. அதை அதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். ஜனம் வந்தால் என்ன நடக்கும் என்று பார்க்க.

ஜனம் வந்தால் கணக்கு எப்படி மாறும் என்பதற்கு ஹாங்காங் டிஸ்னிலாண்ட் நல்ல உதாரணம். 2005 செப்டம்பர் 12 திறப்பு. அதற்கு ஒரு வாரம் முன்னால், 4ஆம் தேதி, ஒத்திகைக்காக 30,000 பேரை உள்ளே விட்டார்கள். சாப்பாட்டுக்கு முக்கால் மணி, சில ரைடுகளுக்கு இரண்டு மணி நேரம் காத்திருப்பு. பூங்கா எவ்வளவு கூட்டம் தாங்கும் என்று காகிதத்தில் போட்ட கணக்கு அன்றைக்குத் தெருவுக்கு வந்தது. அதற்கும் அரை நூற்றாண்டு முன்பு, 1955 ஜூலை 17, கலிஃபோர்னியாவில் முதல் டிஸ்னிலாண்டை அழைப்பாளர்களுக்கு மட்டும் திறந்தபோது போலி டிக்கெட்டில் கூட்டம் புகுந்து மொத்தம் 28,000 பேர் ஆகிவிட்டார்கள். புதிதாகப் போட்ட தார் இறுகாமல் பெண்களின் குதிகால் செருப்பு அதில் புதைந்ததாம். படித்தபோது எனக்கு எங்கள் படிக்கட்டு ஞாபகம் வந்தது.

எங்கள் படிக்கட்டு இரும்பு. சோதனை எல்லாம் காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் செய்தோம். சாஃப்ட் ஓப்பனிங் அன்று ஏப்ரல் மாதத்து மத்தியானம், வெறுங்காலில் வரிசையில் நின்ற குழந்தைகள் காலை மாற்றி மாற்றித் தூக்கினார்கள். எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. அன்று மதியமே பொள்ளாச்சிக்குப் போன் போட்டு தென்னை நார் விரிப்பு வரவழைத்து, படிகளில் விரித்துத் தண்ணீர் தெளித்தோம்.

அடுத்தது நேரம். 40 நொடிக்கு ஒரு டியூப், மணிக்கு 90 டியூப், நாலு பேர் வீதம் 360 பேர் என்று கணக்கு போட்டிருந்தோம். ஊழியர்கள் கீழே வந்ததும் குதித்து வெளியேறிவிடுவோம். குடும்பங்கள் அப்படி இல்லை. அப்பா இறங்கி, அம்மாவுக்குக் கை கொடுத்து, அவர் துப்பட்டாவைச் சரி செய்து, குழந்தையைத் தூக்கி, கண்ணாடியைத் தேடி... கீழே குளம் காலியாகி விசில் அடித்த பிறகுதான் மேலே அடுத்ததை விட வேண்டும். ஒன்றரை நிமிடம் ஆனது. மணிக்கு 40 டியூப், மூன்று பேர்தான் சராசரி. 120 பேர். துப்பட்டாவும் சேலையும் பற்றிச் சோதனையில் யோசிக்கவே இல்லை, ஏனென்றால் நாங்கள் எல்லோரும் டீ ஷர்ட் போட்டு ஏறியிருந்தோம். முதல் நாளே துப்பட்டாவைக் கீழே கழற்றி வைக்க ஓர் இடம் செய்ய வேண்டியதாயிற்று.

இதெல்லாம் நல்ல பாடங்கள். எனக்கு ஆறாதது வேறு.

காலையில் மேனேஜரிடம், படிக்கட்டு அடியில் ஒரு பலகை மாட்டலாம், வெள்ளோட்டம் நடக்கிறது, எந்த நேரமும் நிறுத்தப்படலாம் என்று எழுதலாம் என்றேன். "பயந்துக்குவாங்க தம்பி, வேண்டாம்" என்றார். டிக்கெட் முழு விலை.

மதியம் இரண்டே முக்கால் இருக்கும். அலைக்குளம், மற்ற ஸ்லைடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடின. காலையில் எங்கள் பம்பு இரண்டு மட்டும்தான் ஓடும், வோல்டேஜ் நன்றாக இருக்கும். இப்போது வோல்டேஜ் இறங்கியது. இறங்கினால் மோட்டார் கரண்டை அதிகமாக இழுக்கும், மோட்டாரைக் காக்கும் ரிலே கட் ஆகும். ஒரு பம்பு நின்றது. மேலே இருந்த பையன் சரியாக அடுத்த டியூபை நிறுத்திவிட்டான். ஆனால் ஒன்று ஏற்கெனவே உள்ளே போயிருந்தது.

இரண்டாவது வளைவில், இருட்டுக் குழாயில் நின்றுவிட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலே ஏறி, உட்கார்ந்தபடியே சறுக்கி அவர்களிடம் போனேன். காங்கேயத்திலிருந்து வந்த ஒருவர், அவர் மகள், இரண்டு பையன்கள். மகளுக்கு எட்டு வயது இருக்கும். அழவில்லை. என்னைப் பார்த்து, "அண்ணா, இது இப்படித்தான் நிக்குமா?" என்று கேட்டாள்.

என்ன சொல்வது? இல்லை கண்ணு என்றேன். தள்ளிக்கொண்டே கீழே வந்தோம். யாருக்கும் அடி இல்லை. வெளியே வந்ததும் அவள் அப்பா சொன்னார்: "ட்ரையல்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தெரிஞ்சே ஏறியிருப்போமுங்க. புள்ளைகிட்டயும் சொல்லியிருப்பேன்." அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மேலே ஒரு மணி நேரம் வரிசையில் நின்றவர்களை இறங்கச் சொன்னார்கள், காரணம் சொல்லாமல்.

அன்று இரவு பஸ்ஸில் அப்பாவை நினைத்தேன். அன்னூர் பக்கம் எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்குப் புதுத் தேர் செய்தபோது, அவர் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் ஆள். வெள்ளோட்டத்துக்கு ஊரே கூடியது. தண்டோரா போட்டுச் சொன்னார்கள், வெள்ளோட்டம் என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். சாமி ஏறவில்லை. தச்சர்கள் கூடவே நடந்தார்கள். முதல் திருப்பத்தில் அப்பா கட்டையை ஒரு நொடி தாமதமாகப் போட்டார், தேர் சாக்கடை ஓரம் வரை போய் நின்றது. யாரும் ஏசவில்லை. வடத்தைக் கீழே வைத்து உட்கார்ந்து, மோர் குடித்து, அந்தத் திருப்பத்தை மறுபடி இழுத்தார்கள். தேரைவிட அப்பாவுக்கும் வடம் பிடித்தவர்களுக்கும்தான் அந்த ஓட்டம் தேவைப்பட்டது. பயந்து யாரும் வீட்டில் இருக்கவில்லை. சொன்னதால்தான் அவ்வளவு பேர் வந்தார்கள்.

ஆர்லாண்டோவில் யுனிவர்சல் பூங்காவில் இதற்கு டெக்னிக்கல் ரிஹர்சல் என்று பெயர் வைத்து, வரிசை தொடங்கும் இடத்திலேயே, எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம் என்று சொல்லிவிடுகிறார்கள். அங்கே ஜனம் ஓடிப்போகவில்லை, முதலில் ஏற வேண்டும் என்று காத்துக் கிடக்கிறார்கள்.

அடுத்த நாள் காலை ரிலேயையும் லைனையும் எலக்ட்ரீஷியன் பார்த்து முடித்தார், எங்கள் பம்புகளுக்குத் தனி லைன் இழுத்தார். பலகைக்கு அனுமதி இன்னும் இல்லை. அதனால் நானே படிக்கட்டு அடியில் நின்று ஒவ்வொரு குடும்பத்திடமும் சொன்னேன்: இது வெள்ளோட்டம், நேற்று ஒரு தடவை நின்றது, இப்போது சரி செய்திருக்கிறோம், நின்றால் பயப்படாதீர்கள், நான் வருவேன். முதல் இருபது குடும்பத்தில் இரண்டுதான் திரும்பிப் போயின. மற்றவர்கள் குழந்தைகளுக்கு எடுத்துச் சொல்லிவிட்டு ஏறினார்கள்.

தாராபுரத்திலிருந்து பேரப் பிள்ளைகளோடு வந்த ஓர் ஆத்தா, "வெள்ளோட்டமா? அப்ப நானும் ஒரு கை புடிக்கறேன் சாமி" என்றார். சேலையோடு ஏற முடியாது என்று சொன்னேன். சரி என்று படிக்கட்டு நிழலில் பிள்ளைகளின் செருப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் மணிக்கு எத்தனை டியூப் என்று குறித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, என்ன எழுதறே என்று கேட்டார். சொன்னேன். பம்ப் ரூமுக்குப் போய் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தபோது அவர் கூழாங்கற்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்.

"நாப்பத்தாறு வந்துச்சு கண்ணு," என்றார். "எழுதிக்கோ."